ஆவுடைக்கு நான் குடுத்த தண்ணி

மாசி 20, திங்கக்கெழமை

இந்த நோட்ட வாங்கச் சொன்னது நர்சுப் பிள்ள. ஆவுடை எவ்வளவு தண்ணி குடிக்கா, எவ்வளவு ஒண்ணுக்குப் போறான்னு எழுதி வைக்கணுமாம். மூணு மாடி எறங்கி, ஆஸ்பத்திரி வாசல் கடையில நாப்பது பக்க நோட்டும் பேனாவும் வாங்கிட்டு மூச்சு வாங்க ஏறி வந்தா, வேண்டாம்மாங்குது. கட்டில் கால்மாட்டுல ஒரு அட்டை தொங்குது, அதுல அவங்களே எழுதிக்கிடுவாங்களாம். இத முன்னாலயே சொல்றதுக்கு வாய் வலிக்குதாக்கும். லிப்டுல போவோம்னா நோயாளிக்கு மட்டும்தான்னு வாட்ச்மேன் மறிக்கான். இந்த மூட்டு வலிய வச்சிக்கிட்டு நான் நோயாளி இல்லாம வேற யாரு?

சரி, நோட்டு வீணாப் போக வேண்டாம். இங்கன பேசவும் விட மாட்டேங்காங்க. பக்கத்துக் கட்டில் பொம்பளகிட்ட எந்த ஊரு, என்ன ஏதுன்னு ரெண்டு வார்த்த கேட்டேன். சத்தம் போடாதீங்கன்னு வாட்ச்மேன் வந்துட்டான். நான் மெதுவாத்தான் பேசுனேன். எங்க ஊர்ல மைக் செட் வராத கல்யாணத்துல என்னைய விட்டுத்தான் பந்திக்கு ஆள் கூப்பிடச் சொல்லுவாங்க, அந்தத் தொண்டையில இது மெதுவுதான்.

ஆவுடைத்தங்கம் என் தம்பி பெஞ்சாதி. தம்பி சண்முகவேலு போயி மூணு வருசமாச்சு. அதுலருந்து அவளுக்கும் எனக்கும் பேச்சு வார்த்த கெடையாது. காரணம் இருக்கு. அத இங்கன எழுத வேண்டாம். அவ கோவில்பட்டியில தனியா இருக்கா, மக செண்பா சென்னையில கம்ப்யூட்டர் வேல. ரெண்டு மாசமா தலவலின்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கா. ஸ்கேன் எடுத்துப் பாத்தா மூளைக்குப் போற ரத்தக் குழாயில ஒரு எடத்துல கொப்புளம் மாதிரி வீங்கி இருக்காம். அது வெடிச்சா ஆளே இல்லையாம். செண்பா போன் போட்டு அழுதா. அத்தை, அம்மாவுக்குத் துணைக்கு ஆள் இல்லன்னா. அவளுக்காக வரல. என் தம்பி மக அழுதாளேன்னு வந்தேன்.

நாளைக்கு மருந்து ஏத்திக் கொழாயப் படம் பிடிப்பாங்க. சனிக்கெழமை தொடை வழியாவே கம்பிச் சுருள் உள்ள விட்டு அந்த வீக்கத்த அடைப்பாங்க.

பஸ் ஏறதுக்கு முன்னால ஊர்க் காளியம்மாகிட்ட போயி நேந்துக்கிட்டேன். இருவத்தோரு நாள் உப்பு தொட மாட்டேன், அவள நல்லபடியா எந்திரிச்சு நடக்க வையின்னு. யாருக்காக நேருதோமோ அவங்களும் ஒரே பானைச் சோறுதான் திங்கணும். நேந்தத வெளிய சொல்லக் கூடாது, சொன்னா பலிக்காது. ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல அடுப்போட ஒரு ரூம் பிடிச்சிருக்கோம். காலையில பொங்கி எடுத்துட்டு வந்தேன். ஆவுடை ஒரு வாய் வச்சிட்டு என்னயப் பாத்தா. மூணு வருசத்துல பேசுன முத வார்த்த என்ன தெரியுமா?

"உப்புப் போடலையா மைனி?"

"போட்டிருக்கேன். மாத்திர தின்ன நாக்குக்குத் தெரியாது."

மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டே தின்னா. சுளிக்கட்டும். எனக்கும் அதே சோறுதான்.


மாசி 21, செவ்வாக்கெழமை

காலையில எட்டு மணிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பச்ச உடுப்பு மாட்டி, தாலி இல்லாத கழுத்துல கெடந்த ஒத்தைச் செயினையும் கழட்டி செண்பா கையில குடுத்தாங்க. நான் காளியம்மா குங்குமத்த வச்சி விடப் போனேன். அங்கன நின்ன ஒரு பையன் வேண்டாம்மான்னு கையத் தட்டி விட்டான். சாமி குங்குமத்துல கிருமியாம். அவன் காதுல மாட்டியிருந்த போன்ல இல்லாத கிருமி.

ஒண்ணேகால் மணி நேரம். தொடையில ஓட்ட போட்டு, அது வழியா ஒரு மெல்லிசு டியூப தலை வரைக்கும் ஏத்தி, மருந்த விட்டுப் படம் எடுத்திருக்காங்க. மருந்து போகும்போது மூஞ்சி பூரா தீயா எரிஞ்சிச்சுன்னு செண்பாகிட்ட சொல்லியிருக்கா. என்கிட்ட சொல்லல. ஆறு மணி நேரம் கால மடக்கக் கூடாது. நான்தான் பக்கத்துல உக்காந்து கால அழுத்திப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன். மக வெளிய லேப்டாப்ப வச்சிக்கிட்டு ஆபீசுக்குப் பேசுதா.

இந்த நர்சுப் பிள்ள பேரு ஜெனிட்டா. நாகர்கோயில் பக்கமாம். வெடவெடன்னு ஒல்லியா இருக்கு. அது வந்து, நல்லா தண்ணி குடிக்கக் குடுங்கம்மா, ஏத்துன மருந்து ஒண்ணுக்குல வெளிய போயிரணும்னு சொல்லிட்டுப் போச்சு. நல்லான்னா எவ்வளவுன்னு அது சொல்லல, நான் கேக்கல. எங்க ஊர்ல நல்லான்னா நல்லாத்தான்.

நானும் விடல. துளசி போட்ட தண்ணி ரூம்லருந்து தூக்குவாளியில கொண்டாந்தேன், ரெண்டு செம்பு. பார்லி வேக வச்ச தண்ணி ரெண்டு செம்பு. வடிச்ச கஞ்சித் தண்ணி உப்பில்லாம ஒரு செம்பு. அதுக்கு மேல ஆஸ்பத்திரிப் பாட்டில் தண்ணி. போதும் மைனி போதும் மைனின்னு கையத் தள்ளுதா. மருந்து மண்டைக்குள்ளயே நிக்கணுமாட்டின்னு ஒரு அரட்டு போட்டேன். குடிச்சா.

சாயங்காலம் ஜெனிட்டா அட்டையத் தூக்கிக்கிட்டு வந்து எவ்வளவு தண்ணி குடிச்சாங்கன்னு கேட்டுச்சு. பாட்டில்ல முக்காவாசி காலி. முக்கால் பாட்டில்னேன். எழுதிக்கிட்டுப் போச்சு.


மாசி 22, புதங்கெழமை

காலையிலருந்து வாந்தி வர்ற மாதிரி இருக்குங்கா. சோறு எறங்கல. எறங்காதுதான், உப்பில்லாத சோறு எனக்கே தொண்டையில நிக்குது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு வண்டியில கொண்டாந்தாங்க. அந்தச் சாம்பாரப் பாத்து அவ கண்ணு போகுது. நான் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டேன். வண்டிக்காரன் ஏம்மான்னான். எங்களுக்கு வீட்டுச் சாப்பாடுன்னேன். ஆவுடை செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா.

எனக்கு அவ திரும்பிப் படுத்தது ஆத்தரமா வந்துச்சு. யாருக்காக இந்த நாக்கு செத்துக் கெடக்கு? என் தம்பி இருந்தப்போ எத்தன ருசியாத் திங்கக் குடுத்தா தெரியுமா அவனுக்கு. சக்கர வியாதிக்காரன், அவனுக்கு அதிரசமும் முறுக்கும். சரி விடு.

துளசித் தண்ணி மூணு செம்பு. பார்லி மூணு செம்பு. கஞ்சி ரெண்டு. பாட்டில்ல பாதி.


மாசி 23, வியாழக்கெழமை

காலையில ரத்தம் எடுத்தாங்க. பத்து மணிக்குச் சின்ன டாக்டரம்மா வந்தா. நேத்துப் பெறந்த மாதிரி இருக்கா, கழுத்துல மாட்டுன நெஞ்சு பாக்குத கொழாய் மட்டும் பெருசு. ரத்தத்துல சோடியம் எறங்கியிருக்காம். சோடியம்னா உப்புதானாம். வரும்போது நூத்தி முப்பத்தேழு இருந்துச்சாம், இப்ப நூத்தி இருவத்தெட்டு. ரத்தத்துக்குள்ள உப்பு இருக்கும்னே இன்னைக்குத்தான் கேள்விப்படுதேன். உப்புன்னா நாக்குக்குன்னுதான் நெனச்சிருந்தேன்.

இந்த மாதிரிப் படம் எடுத்த பொறவு சில பேருக்கு உப்பு எறங்குறதும் ஏறுறதும் உண்டுதானாம், ரெண்டு நாள்ல சரியாயிருமாம். இவளுக்கு எறங்குனது கூடுதலா இருக்காம். செண்பாவப் பாத்து, சாப்பாடெல்லாம் உப்புப் போட்டுத்தானே குடுக்கீங்கன்னு கேட்டா. செண்பா என்னயப் பாத்தா.

"எல்லாம் போட்டுத்தான் பொங்குதேன்"னு சொன்னேன்.

வேற என்ன சொல்ல? சொன்னா நேர்ச்ச போச்சு. நேர்ச்ச போனா கொப்புளம் என்னாகும்? இந்தப் பிள்ளைக்கு அது தெரியுமா?

இனிமே ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல தண்ணி குடுக்கக் கூடாதாம். ஒருத்தி குடுங்கா, ஒருத்தி குடுக்காதங்கா. உங்களுக்குள்ள முதல்ல பேசி முடிச்சிட்டு வாங்கன்னு கேட்டுட்டேன். டாக்டரம்மா மூஞ்சி செவந்து போச்சு. செண்பா என் கையப் பிடிச்சி இழுத்து, அத்தை சும்மா இருங்கன்னா. நான் என்ன தப்பாக் கேட்டேன்?

பாட்டில்ல கோடு போட்டு ஜெனிட்டா வச்சிட்டுப் போயிருக்கு. அதத் தாண்டி ஒரு சொட்டு நான் குடுக்கல. துளசித் தீர்த்தம் தண்ணி இல்ல. கஞ்சி சாப்பாடு. பார்லி மருந்து. அந்த அட்டையில அதுக்கெல்லாம் எடமும் இல்ல.


மாசி 24, வெள்ளிக்கெழமை

இன்னைக்கு நடந்தத எழுத உக்காந்ததே கோவத்துலதான்.

காலையில பல்லு வெளக்கி விடப் போனா, என்னயப் பாத்து, "மைனி, அவுக சாப்ட்டாகளா?"ன்னு கேட்டா. எவுகட்டின்னேன். "உங்க தம்பிதான். மாத்திர போடணும்லா, வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

கிண்டல் பண்ணுதாளோன்னு பாத்தா மூஞ்சியில கிண்டல் இல்ல. கண்ணு எங்கயோ இருக்கு. திரும்பத் திரும்ப அதையே கேக்கா. அதிரசத்த ஒளிச்சி வச்சிருக்கேன் மைனி, அவுக எடுத்துத் தின்னுட்டாக, நீங்கதான் சத்தம் போடணும், நான் சொன்னாக் கேக்க மாட்டேங்காகன்னு. தம்பி போயி மூணு வருசம் கழிச்சி எனக்கு எதுக்கு இந்தச் சேதி?

ஜெனிட்டாவக் கூப்பிட்டேன். அது ஓடிப் போயி டாக்டரம்மாவக் கூட்டியாந்துச்சு. ரத்தம் எடுத்தாங்க. அது வந்து சேர்றதுக்குள்ள, பதினோரு மணி இருக்கும், கட்டில்ல கெடந்தவளுக்குக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கு. வாயில நுரை. கட்டிலே ஆடுது. பக்கத்துக் கட்டில் பொம்பள எந்திரிச்சு வெளிய ஓடிட்டா. செண்பா அம்மா அம்மான்னு கத்துதா. நான் காளியம்மா பேரச் சொல்லிக்கிட்டே காலப் பிடிச்சேன், என்னயத் தூக்கி வெளிய தள்ளிட்டாங்க.

ரத்தத்துல நூத்திப் பதினேழு. ஐசியூவுக்குக் கொண்டு போயிட்டாங்க. சனிக்கெழமை ஆபரேசன் கெடையாதுன்னுட்டாங்க. வீங்குன கொழாய் அப்படியேதான் இருக்கு, அதுக்கு மேல இது.

செண்பா நேரா ஜெனிட்டாகிட்ட போனா. அட்டைய எடுத்து நீட்டி, ஒரு லிட்டர்னு எழுதியிருக்கே, ஒண்ணுக்குப் போனது மட்டும் எப்படி மூணு லிட்டர் ஆச்சு, பாக்காமயே எழுதுறீங்களான்னு கேட்டா. அந்தப் பிள்ள, ஒண்ணுக்கு நான்தாம்மா அளந்தேன், குடிச்சது அவங்க சொன்னதுன்னு என் பக்கம் கையக் காட்டிச்சு.

எனக்கு வந்துச்சு பாரு ஒரு வேகம். மூணாவது மாடி பூராவும் கேக்கப் பேசுனேன். ஏட்டி, சம்பளம் வாங்குதவ நீயா நானா, நல்லா தண்ணி குடுன்னு சொன்ன வாய் எது, எங்க ஆளக் கொன்னுட்டு என் தலையில போடப் பாக்கியான்னு. வாட்ச்மேன் வந்தான். அவனையும் விடல. அந்தப் பிள்ள உதட்டக் கடிச்சிக்கிட்டு நின்னுச்சு. செண்பா ஆஸ்பத்திரி ஆபீசுல போயி எழுத்துல புகார் குடுத்துட்டா. சாட்சின்னு என் கையெழுத்தும் வாங்குனாங்க. வெள்ளையம்மாள்னு போட்டேன்.


மாசி 25, சனிக்கெழமை

ஐசியூ வாசல்ல பிளாஸ்டிக் நாக்காலி. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, ஒரு ஆள் மட்டும் உள்ள போகலாம். செண்பாதான் போனா.

பெரிய டாக்டர் வந்து செண்பாவ உக்கார வச்சிப் பேசுனாரு. நானும் பக்கத்துல நின்னேன். உப்பு எறங்க ரெண்டு வழி இருக்காம். மூளையில கோளாறு வந்து ஒடம்புல உள்ள உப்பெல்லாம் ஒண்ணுக்குல போயிட்டே இருக்கும், அது ஒண்ணு. அப்படின்னா உப்பும் தண்ணியும் ஏத்திக்கிட்டே இருக்கணும். இன்னொண்ணு, தண்ணி கூடிப் போயி ரத்தத்துல இருக்க உப்பு கரைஞ்சி மெலிஞ்சிருக்கும். அதுக்குத் தண்ணிய நிறுத்தணும். ஒண்ணுக்குச் செய்யுத வைத்தியம் இன்னொண்ணுக்குச் செஞ்சா ஆபத்தாம். இழுப்பு நிக்க இப்போதைக்குக் கொஞ்சமா உப்பு ஏத்தியிருக்கோம், அதுக்கு மேல என்னன்னு தீர்மானிக்கணும். வெரசா ஏத்தவும் கூடாதாம், ஏத்துனா மூளை கருகிக் கையும் காலும் வராமப் போயிருமாம். அவ என்ன குடிச்சா, என்ன தின்னான்னு சரியாத் தெரிஞ்சா எங்களுக்குச் சுளுவுன்னாரு.

செண்பா, அட்டையில உள்ளதுதான் சார், அத நம்ப முடியலன்னா.

பெரிய டாக்டர் என்னயப் பாத்தாரு. நான் முந்தானையச் சரி பண்ணுனேன்.


மாசி 26, ஞாயித்துக்கெழமை

இன்னைக்கு எழுத ஒண்ணுமில்ல. கண்ணு முழிக்கலயாம்.


மாசி 27, திங்கக்கெழமை

காலையில பூசாரிக்குப் போன் போட்டேன். காளியம்மா பூசாரி முத்தையா, என் வயசுதான், ஒண்ணாப் பள்ளிக்கூடம் போனவன். எல்லாத்தையும் சொன்னேன், பூசாரி ஒண்ணும் வெளி ஆள் இல்லையே. சாமிகிட்ட பூக்கேளு, நேர்ச்சயில கொற ஏதும் இருக்கான்னு கேளுன்னேன். அவன் பூவும் கேக்கல ஒண்ணும் கேக்கல. "நீ நேந்தா நீ கெட. அவளுக்கு எதுக்கு உப்பில்லாமப் பொங்கிப் போட்ட?"ன்னான். ஒரே பானைச் சோறு முறையில்லையாங்கேன். யாரு சொன்னா அந்த முறைய, நாப்பது வருசமா மணி ஆட்டுதேன், நான் கேட்டதில்லையேங்கான்.

எங்க அத்தை, என் மாமியாதான் சொன்னா. சொன்னாளா? சொன்ன மாதிரிதான் இருக்கு. அவ செத்து இருவது வருசமாச்சு, யாருகிட்ட போயிக் கேக்க? முத்தையாவுக்கு என்ன தெரியும். குடிச்சிட்டு மணி ஆட்டுத பய. போன வச்சிட்டேன்.

மத்தியானம் வாசல்ல உக்காந்திருந்தேன். ஜெனிட்டா வந்துச்சு. கலர் சேலையில வந்ததால முதல்ல அடையாளம் தெரியல. வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்களாம், விசாரண வச்சிருக்காங்களாம், அதுக்கு வந்திருக்கு. என் பக்கத்து நாக்காலியில உக்காந்துச்சு. எந்திரிச்சுப் போவோமான்னு பாத்தேன். மூட்டு ஒத்துக்கிடல.

"எனக்காகச் சொல்ல வேண்டாம்மா. நான் வேற ஆஸ்பத்திரி பாத்துக்கிடுவேன். அன்னைக்கு அந்தத் தூக்குவாளிய நானும் பாத்தேன். சாமித் தண்ணின்னு நீங்க சொல்லவும் கேக்காம விட்டுட்டேன். அத இன்னைக்கு உள்ள போயிச் சொல்லப் போறேன். அது எத்தன செம்புன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

அவ்வளவுதான். எந்திரிச்சுப் போயிருச்சு. கத்தியிருந்தா நானும் நல்லாக் கேட்டிருப்பேன். சண்டைக்கு வராதவகிட்ட என்னத்தப் பேச?

நாலு மணிக்குச் செண்பா உள்ள போயிட்டு வெளிய வந்தா. செவுத்துல சாஞ்சி அப்படியே தரையில உக்காந்துட்டா. யாருகிட்டயும் சொல்லல, தனக்குத்தானே சொன்ன மாதிரி சொன்னா. "பக்கத்துல இருந்தவங்க ஒழுங்காப் பாத்திருந்தா அம்மாவுக்கு இப்படி ஆயிருக்குமா?"

இந்த வார்த்த எனக்குத் தெரியும். இது என் வார்த்த. தம்பிய நடு வீட்டுல கெடத்தியிருக்கும்போது, ஊரே கூடி நிக்கும்போது, ஆவுடை தலமாட்டுல உக்காந்திருக்கும்போது, நான்தான் சொன்னேன். நீ ஒழுங்காப் பாத்திருந்தா என் தம்பி போயிருப்பானா, தின்னக் குடுத்தே கொன்னுட்டியேடின்னு. என் தொண்டையப் பத்தி எழுதியிருக்கேன். தெருவுல நின்னவங்க வரைக்கும் கேட்டுச்சு. அவ அன்னைக்கு நிமிந்து கூடப் பாக்கல. இன்னைக்கு அவ பிள்ளைக்கு அந்த வார்த்தய யாரும் சொல்லிக் குடுக்கல, தானா வந்துருக்கு.

எந்திரிச்சேன். டாக்டரம்மா ரூம் கதவத் தட்டாமத் தெறந்தேன்.

உப்பில்லன்னு சொன்னேன். திங்கக்கெழமையிலருந்து வெள்ளிக்கெழமை வரைக்கும் ஒரு கல்லு உப்பு போடல, போட்டேன்னு பொய் சொன்னேன். காளியம்மாவுக்கு நேந்துருக்கேன்னும் சொன்னேன். பலிக்காமப் போனாப் போகட்டும். இந்தா நோட்டு, இதுல எழுதியிருக்கேன், துளசித் தண்ணி இவ்வளவு, பார்லி இவ்வளவு, கஞ்சி இவ்வளவு. வியாழக்கெழமை எழுதல. அன்னைக்குத்தான் ரொம்பக் குடுத்தேன், நாலும் நாலும் ரெண்டும். நீ குடுக்கக் கூடாதுன்ன பொறவு.

திட்டுவான்னு நெனச்சேன். திட்டுனா நல்லா இருந்திருக்கும். அவ ஒரு அளவு ஜாடிய எடுத்துட்டு வரச் சொல்லி, உங்க செம்பு எவ்வளவு பிடிக்கும்னு ஊத்திக் காட்டுங்கன்னா. ரூம்லருந்து செம்பக் கொண்டாந்து, குழாய்த் தண்ணியப் பிடிச்சி, செண்பா வாசல்ல நின்னு பாக்க, நான் ஊத்துனேன். அரை லிட்டருக்குக் கொஞ்சம் கொற. வியாழக்கெழமை மட்டும் அந்த ஒரு லிட்டர் போக, அதுக்கு மேல நாலரை லிட்டர் கிட்ட.

டாக்டரம்மா சொன்னா, உப்பு இல்லாம, சோறும் சரியாத் திங்காம இருக்க ஒடம்பு அவ்வளவு தண்ணியையும் வெளிய தள்ள முடியாதாம். ஆவுடை பிரஷருக்குப் போடுத மாத்திரையும் உப்ப இழுத்து வெளிய விடுற ஜாதியாம். படம் எடுத்த மருந்துல ஒரு ஆட்டம். எல்லாம் சேந்துருச்சு, நீங்க ஒருத்தர் மட்டும் காரணம் இல்லன்னா. எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். அவ அத எனக்குச் சொல்லும்போது குரல் எறங்கிச்சு பாரு, அதுதான் எனக்குப் பிடிக்கல.

புகார வாபஸ் வாங்கணும்னு செண்பாகிட்ட சொன்னேன். அவ என் மூஞ்சியப் பாக்காம, "நானே பாத்துக்கிடுதேன். நீங்க ரூமுக்குப் போங்க"ன்னா. நான் போகல. நேரா ஆபீசுக்குப் போயி, என் கையெழுத்து போட்ட தாளக் கொண்டான்னு கேட்டேன். ஆபீஸ்காரன் தர மாட்டேன்னான். அங்கனயே நின்னு இன்னொரு தாள்ல, வெள்ளையம்மாள் ஆகிய நான் சொன்னது தப்பு, நர்சு மேல குத்தம் இல்லன்னு எழுதிக் குடுத்தேன். அஞ்சாப்புதான் படிச்சேன், ஆனா எனக்கு எழுத வரும்.


மாசி 28, செவ்வாக்கெழமை

நூத்தி இருவத்தஞ்சு. வைத்தியம் இப்ப சரியான வழியில போகுதாம். மெல்ல மெல்லத்தான் ஏத்துவாங்களாம்.

கேன்டீன்ல போயி ரெண்டு இட்லியும் சட்னியும் வாங்கித் தின்னேன். காளியம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் தின்னேன். உனக்கு வேண்டியது என் நாக்குதானே, அவ நாக்க நான் உனக்குத் தந்தப்போ நீ ஏன் வேண்டாம்னு சொல்லல? எம்புட்டு வெளக்குப் போட்டிருக்கேன் உனக்கு. காளிக்கும் என்கூடப் பேச்சு இல்ல போலுக்கு.

உண்மைய எழுதணும்னா, முத நாள் அவ மூஞ்சியச் சுளிச்சப்போ எனக்குக் கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு மேல எழுத மாட்டேன்.


மாசி 29, புதங்கெழமை

நூத்தி முப்பத்தொண்ணு. கண்ணு முழிச்சிட்டா. செண்பாவத் தெரியுது, மாசம் தெரியுது, எந்த ஊர்ல இருக்கோம்னு தெரியுது. வார்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. நான் வராந்தாவுல நின்னேன். செண்பா உள்ள வர வேண்டாம்னு சொல்லல, வாங்கன்னும் சொல்லல.

ஜெனிட்டா வேலைக்கு வந்துருச்சு. அதுதான் வெளிய வந்து, அம்மா கூப்பிடுறாங்கன்னுச்சு.

ஆவுடை கண்ணு உள்ள போயிக் கெடந்தா. ஆனா பார்வ நேரா இருந்துச்சு. செண்பா எல்லாத்தையும் சொல்லியிருக்கா போல.

"எனக்காகவா நேந்தீங்க மைனி?"

ஆமான்னேன்.

"எனக்காகன்னா என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

வெளிய சொன்னாப் பலிக்காதுன்னேன். அது எனக்கே ஒட்டல.

"இந்தத் தண்ணிக்கு உங்க மேல கோவம் இல்ல. உங்களுக்குத் தெரியாது, விடுங்க. மூணு வருசத்துக்கு முன்னால அவுகளக் கெடத்தியிருக்கும்போது ஒண்ணு சொன்னீங்கள்ல, அத இப்ப இவ முன்னால இல்லன்னு சொல்லுங்க. அன்னைக்குச் சொன்ன மாதிரியே சத்தமாச் சொல்லணும்."

பக்கத்துக் கட்டில் பொம்பள எந்திரிச்சு உக்காந்துட்டா. வாட்ச்மேன் வாசல்ல நிக்கான். செண்பாவுக்கு அது என்னன்னே தெரியாது, அன்னைக்கு அவ சென்னையிலருந்து பஸ்ல வந்துக்கிட்டு இருந்தா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. செத்துப் பொழச்சிக் கெடக்கா, இப்பவும் பிடி விடல. அவள இதுக்குத்தான் பொழைக்க வச்சாளா காளி. திரும்பிப் போயிருவோம்னு ஒரு கால் வச்சேன். ஒளிச்சி வச்சேன் மைனி, நீங்கதான் சத்தம் போடணும்னு அவ புத்தி தப்பிக் கெடந்தப்போ சொன்னா. புத்தி தப்புனவ பொய் சொல்ல மாட்டா. அப்போ அவ ஒளிச்சி வச்சாதான். அவன்தான் எடுத்துத் தின்னான். மூணு வருசமா எனக்கு அது தெரியாது. தெரிஞ்சிக்கிட நானும் கேக்கல.

சொன்னேன். "என் தம்பிய நீ கொல்லல ஆவுடை. நீ நல்லாத்தான் பாத்துக்கிட்ட. நான் சொன்னது பொய்."

மூணாவது மாடி பூராவும் கேட்டுருக்கும். வாட்ச்மேன் ஒண்ணும் சொல்லல. செண்பா அவ அம்மாவப் பாத்தா, என்னயப் பாத்தா.

ஆவுடை கண்ண மூடிக்கிட்டா. அழுவான்னு பாத்தேன். அழல. "சரி. இப்ப வெளிய போங்க மைனி, எனக்கு ஒறக்கம் வருது"ன்னா.

வெளிய வந்துட்டேன். செண்பா பின்னாலயே வந்தா. திங்கக்கெழமை ஆபரேசன் வச்சிருக்காங்களாம். சாப்பாடு தண்ணி எல்லாம் ஆஸ்பத்திரிதானாம், நீங்க ஒண்ணும் கொண்டு வர வேண்டாம், வாசல்ல இருந்தாப் போதும், அம்மா இருக்கச் சொன்னாங்கன்னா.

ஆவுடை சொன்னதும் சொன்னா, ஒரு மரியாதைக்குக் கூட இருக்கீங்களான்னு கேக்கல, இருக்கணும்னுட்டா. அவ புத்தி அப்படித்தான், கல்யாணமாகி வந்த நாள்லருந்து. நல்லாக் கோவம் வருது எனக்கு.

அந்தப் பிளாஸ்டிக் நாக்காலியில முதுகு நிக்காது. ரூம்லருந்து ஒரு தலகாணி எடுத்துட்டு வரணும்.